எந்த நிறக் கார் சீக்கிரம் துருப்பிடிக்கும்?

தூத்துக்குடிப் பக்கம் கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜைக் கேட்டு முடித்த கையோடு நிறத்துக்கு வந்துவிடுவார்கள். வெள்ளை எடுத்தால் சீக்கிரம் துரு ஏறுமாமே? கறுப்பு வெயிலுக்குத் தாங்காதாமே? சிவப்பு கொஞ்ச வருஷத்தில் வெளுத்துவிடுமாமே? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம் என்று இருக்கிற ஊரில் இதை யாரும் பொழுதுபோகாமல் கேட்பதில்லை. கடன் வாங்கி எடுக்கிற வண்டி. கடன் அடைகிற வரைக்குமாவது கதவு கதவாக இருக்க வேண்டும் என்ற கவலைதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துரு பிடிப்பதற்கும் நிறத்துக்கும் அநேகமாகச் சம்பந்தம் இல்லை. பளபளப்பு எத்தனை காலம் நிற்கும் என்பதற்கு நிறத்தோடு நிச்சயமாகச் சம்பந்தம் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இத்தனை வதந்தி. ஒரே ஒரு வழியில் மட்டும் நிறம் போய்த் துருவைத் தொடும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தொழிற்சாலையில் வெல்டிங் முடிந்த காரின் வெறும் உடம்பைக் கழுவி, துத்தநாக பாஸ்பேட் மாதிரியான கரைசலில் முக்குகிறார்கள். அப்புறம் அதை அப்படியே ஒரு பெயிண்ட் தொட்டிக்குள் இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். தொட்டியில் மிதக்கிற எபாக்ஸி என்ற பிசினின் துகள்கள் இரும்பை நாடி வந்து ஒட்டிக்கொள்ளும். குழாய் மாதிரி மூடிய பகுதிகள், மடிப்புகள், கதவின் உட்புறம் என்று ஸ்ப்ரே கன் எட்டாத இடங்களுக்கும் அது போய்ச் சேரும். இதைத்தான் ஈ.டி. கோட் என்கிறார்கள். சுமார் 20 மைக்ரான் கனம் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 160 முதல் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதைச் சுட்டு இறுக்குகிறார்கள். இதற்கு மேல் பிரைமர் என்கிற அடிப்பூச்சு 30, 40 மைக்ரான். அதற்கும் மேல்தான் நாம் ஷோரூமில் நின்று தேர்ந்தெடுக்கிற நிறம். அது வெறும் 12 முதல் 20 மைக்ரான். கடைசியாக 40 மைக்ரான் அளவில் நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

கவனியுங்கள், துருவைத் தடுக்கிற வேலையெல்லாம் நிறம் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. வெள்ளைக் காருக்கும் கறுப்புக் காருக்கும் ஒரே தொட்டி, ஒரே பாஸ்பேட். இதற்கும் அடியில், தகட்டின் மீதே துத்தநாகம் பூசியிருந்தால் இன்னும் நல்லது. கீறல் இரும்பு வரைக்கும் போனாலும் துத்தநாகம் முதலில் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். 1985இல் ஆடி (Audi) கார் நிறுவனம் ‘100’ என்ற தன் மாடலின் உடம்பு முழுவதையும் துத்தநாகம் பூசிய தகட்டில் செய்தது. இன்று நடுத்தர விலைக் கார்களிலும் பல தகடுகள் அப்படித்தான் வருகின்றன. வண்டி துருப்பிடிக்குமா என்று தெரிய வேண்டுமானால் எந்தெந்தத் தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு என்று கேட்க வேண்டும். ஷோரூமில் அதை யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

நிறத்துக்கும் உழைப்புக்கும் நேரடித் தொடர்பு இருந்த காலமும் ஒன்று உண்டு. ஃபோர்டின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டும் வந்தது. நிலக்கீல் கலந்த அந்தக் கறுப்பு எனாமலைச் சூளையில் சுட்டால் சீக்கிரம் காயும், விலையும் குறைவு, நன்றாகவும் உழைக்கும். மற்ற நிறங்களுக்கான அன்றைய வார்னிஷ் பெயிண்ட் காய வாரக்கணக்கில் ஆகும். 1920களின் நடுவில் டூபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ லாக்கர் வந்த பிறகுதான் மற்ற நிறங்களும் வேகமாகக் காய ஆரம்பித்தன. நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் ஸ்ப்ரே பெயிண்டை டூக்கோ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதெல்லாம் முடிந்துபோன கதை. ஆனால் கறுப்புதான் கெட்டி என்ற நம்பிக்கை பல வீடுகளில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

சரி, உப்புக்காற்றுக்கு வருவோம். மழை பெய்தால்தான் துரு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். கடலோரத்தில் மழையே வேண்டாம். சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஈரத்தை இழுத்துத் தானே நீராகிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். உப்பு வாரியெடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்பு நீரை உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். எத்தனை வெயில் அடித்தாலும் அது முழுசாகக் காயாது. அதே சரக்குதான் மெல்லிய படலமாக நம் காரின் அடிப்பகுதியில் படிந்திருக்கிறது. நம் கண்ணுக்குக் காய்ந்தது போலத் தெரிகிற தகடு பல நாள் ராத்திரி முழுக்க ஈரமாகத்தான் இருக்கும்.

ராத்திரிப் பனியைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. வெள்ளைக் கார் குளிர்ச்சியாக இருப்பதால் அதில் பனி அதிகம் இறங்கும், அதனால் துரு என்று வாதிடுவார்கள். கண்ணுக்குத் தெரிகிற ஒளியில்தான் வெள்ளையும் கறுப்பும் வேறு வேறு. ராத்திரியில் தகடு தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடுகிறது, அந்த வேலையில் இரண்டு நிறமும் ஏறத்தாழ ஒன்றுதான். பனி இரண்டிலும் ஒரே மாதிரி இறங்கும். காலையில் வெயில் பட்டதும் கறுப்பு கொஞ்சம் முன்னால் காயும். ஆனால் துரு தொடங்குகிற இடம் வெயில் படுகிற இடம் இல்லை என்பதால் அந்த லாபத்துக்கு அர்த்தமில்லை.

அந்த இடம் எது என்று எனக்குக் காட்டியவர் எங்கள் பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி. ஒரு நாள் அவர் பட்டறையில் ஒரு வெள்ளைக் காரும் ஒரு மெரூன் காரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வெள்ளைக் காரின் முன்கதவுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழிந்திருந்தது. வண்டிக்காரர் பதறிப்போய்க் கொண்டுவந்து விட்டிருந்தார். மெரூன் கார் வந்தது பம்பர் உரசலுக்கு. துரு என்ற பேச்சே இல்லை. அண்ணாச்சி மெரூன் காரின் கதவைத் திறந்து, கீழ் ஓரத்தில் விரலால் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் பெயிண்ட் லேசாக உப்பியிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்தினார். பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கட்டைவிரல் நுழைகிற அளவுக்குப் பொத்தல் விழுந்தது. வெள்ளைக் காரில் அதே இடத்தில் அழுத்தினார். தகடு கெட்டியாக இருந்தது. மடிப்பில் மட்டும் துரு.

"வெள்ளை வண்டி காட்டிக் குடுத்துரும் தம்பி. இது காட்டாது. இதுக்கும் அதுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

கதவின் வெளித்தகட்டின் ஓரத்தை உள்தகட்டின் மேல் மடக்கி அமுக்கித்தான் கதவைச் செய்கிறார்கள். கண்ணாடியின் ரப்பர் வழியாக மழைத் தண்ணீர் எப்போதும் கதவுக்குள் இறங்கும். அது வெளியேறக் கதவின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அந்த மெரூன் காரின் ஓட்டையிலிருந்து அண்ணாச்சி கிளறி எடுத்தது மக்கிப்போன வேப்பிலைச் சருகும் செம்மண்ணும். மேலே வேப்பமரம், கீழே நிழல் என்று அதன் சொந்தக்காரர் ஆசையாக நிறுத்தியிருப்பார். தண்ணீர் போக வழியில்லாமல் மடிப்பிலேயே நின்று, உப்பும் சேர்ந்து, உள்ளேயிருந்து அரித்திருக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். அதனால்தான் பெயிண்ட் உப்புகிறது. வெளியே கொப்புளம் தெரிகிறபோது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

இப்போது வெள்ளையின் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்று புரியும். இந்தியாவில் அதிகம் விற்கிற நிறம் வெள்ளை. அதனால் துருப்பிடித்த வெள்ளைக் காரும் அதிகம் கண்ணில் படும். வெள்ளையில் பழுப்புக் கோடு தூரத்திலிருந்தே தெரியும். இதோடு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. வெள்ளைக் காரின் பானெட்டிலும் டிக்கியிலும் ஊசிமுனை அளவில் ஆரஞ்சுப் புள்ளிகள் தெளித்தது போல இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரயில் பாதைக்கோ கிரில் பட்டறைக்கோ பக்கத்தில் நிற்கிற வண்டிகளில் அதிகம் இருக்கும். அது தகட்டிலிருந்து வந்த துரு இல்லை. ரயில் சக்கரத்திலிருந்தும் பிரேக்கிலிருந்தும் கிரைண்டிங் மிஷினிலிருந்தும் பறந்துவந்த இரும்புத் தூள் கிளியர் கோட்டில் பதிந்து, அந்தத் தூள்தான் துருப்பிடித்திருக்கிறது. நகத்தால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். இதற்கென்று விற்கிற திரவத்தை அடித்தால் புள்ளிகள் ஊதா நிறமாகி வழியும். களிமண் கட்டி மாதிரி ஒன்றை வைத்துத் தேய்த்தாலும் போய்விடும். கறுப்புக் காரிலும் இதே தூள் இதே அளவு பதிந்திருக்கும். அங்கே யாருக்கும் தெரியாது.

இனி பளபளப்பு. இங்கேதான் நிறம் நிஜமாகவே பேசுகிறது.

கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் ஒரே மாதிரியான இரண்டு ஹோண்டா சிவிக் கார்களை, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி நிறம், வெயிலில் நிறுத்தி அளந்தார்கள். வெள்ளி நிறக் காரின் உள்ளே காற்று 5, 6 டிகிரி குறைவாக இருந்தது. கூரைத் தகட்டில் வித்தியாசம் இன்னும் பெரிது, 25 டிகிரி வரை. அந்தச் சூடு கிளியர் கோட்டுக்கு ஆகாது. கிளியர் கோட்டில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் ரசாயனங்களைக் கலந்திருப்பார்கள். காலப்போக்கில் அவை தீர்ந்துபோகும். சூடு அதிகமானால் சிதைவும் வேகமாகும். கூரையிலும் பானெட்டிலும் முதலில் மங்கல், பிறகு வெள்ளைத் திட்டு, பிறகு மெல்லிய தோலாக உரியும். காக்கை எச்சமும் அப்படித்தான். சூடான கிளியர் கோட் இளகியிருக்கும்போது எச்சம் அதன் மேல் காய்ந்து இறுகினால், குளிர்ந்த பிறகு துடைத்தாலும் வடு நிற்கும். அடர்நிறக் காரில் அந்த வடு ஆழமாக விழும், பளிச்சென்று தெரியவும் செய்யும். எச்சத்தைப் பார்த்த உடனே தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்துவிடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை வரை விட்டுவைக்கக் கூடாது.

அதற்காகக் கறுப்பு நிறமியே மோசம் என்று சொன்னால் அநியாயம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஏன் பெரும்பாலும் கறுப்பாக இருக்கிறது? அதில் கலந்த கார்பன் கரி, புற ஊதாக் கதிரை விழுங்கி பிளாஸ்டிக்கைக் காப்பாற்றுகிறது. கார் பெயிண்டிலும் அதே கரிதான். கறுப்பு வெளுப்பது அரிது. அடியில் இருக்கிற அடுக்குகளுக்கு வெளிச்சமே போகாமல் பார்த்துக்கொள்ளும். கறுப்புக் காரில் நமக்கு உறுத்துவது வேறு: தினமும் காலையில் மண் ஒட்டிய அதே துணியால் துடைப்பதால் விழுகிற வட்ட வட்டமான கீறல்கள். அது பெயிண்டின் குற்றம் இல்லை.

சிவப்பின் கதை தனி. பழைய சிவப்புக் கார்கள் ரோஜா நிறத்துக்கு மாறியதை என் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிவப்பாகத் தெரிகிற பொருள் நீலத்தையும் பச்சையையும் விழுங்குகிறது; அவை ஆற்றல் அதிகமான கதிர்கள். அன்று மலிவாகக் கிடைத்த அசோ வகை நிறமிகள் அதைத் தாங்காமல் உடைந்தன. மேலே கிளியர் கோட்டும் அப்போது கிடையாது. 1958இல் டூபாண்ட் வெயிலைத் தாங்குகிற குவினாக்ரிடோன் நிறமிகளைக் கொண்டுவந்தது. 1980களில் சீபா-கெய்கி என்ற நிறுவனம் இன்னும் உறுதியான ஒரு சிவப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஃபெராரி சிவப்பு என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. நல்ல நிறமியும் மேலே கிளியர் கோட்டும் இருந்தால் இன்றைய சிவப்புக்குப் பயப்பட வேண்டியதில்லை. பட்டறையில் அடிக்கிற மலிவு சிவப்புக்கு இந்த உத்தரவாதம் பொருந்தாது. நீலமும் பச்சையும் அதிர்ஷ்டக்கார நிறங்கள். அவற்றில் பெரும்பாலும் இருப்பது தாமிரம் கலந்த தாலோசயனின் என்கிற நிறமி, வெயிலை லேசில் பொருட்படுத்தாது.

வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. அது தான் வெளுக்காது. ஆனால் வெயிலில் தன்னைச் சுற்றியிருக்கிற பிசினைத் தானே சிதைக்கும் குணம் அதற்கு உண்டு. கிளியர் கோட் இல்லாத பழைய வெள்ளை வண்டியில் கை வைத்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுவது அதனால்தான். துகள்களுக்கு மேல் அலுமினாவும் சிலிக்காவும் பூசி அந்தக் குணத்தை இப்போது அடக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் வண்டியில் கிளியர் கோட் இருக்கிறதா என்று பார்க்க, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் பாலிஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் கிளியர் கோட் இல்லை. வெள்ளைக் காருக்குக் கறுப்புத் துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நிறம் துருவைத் தொடுகிற அந்த ஒரு வழி. ஈ.டி. கோட் எபாக்ஸியால் ஆனது. எபாக்ஸி துருவுக்குப் பெரிய எதிரி, வெயிலுக்கோ பெரிய கோழை. வெளிச்சம் பட்டால் அதன் மேற்பரப்பு பொடிந்துபோகும். அதை வெளிச்சம் தொடாமல் மூடுவது நடுவில் இருக்கிற பிரைமரின் வேலை. செலவைக் குறைக்க அந்தப் பிரைமரைத் தவிர்த்தாலோ, நிறப் பூச்சு மெலிந்துபோனாலோ என்ன ஆகும்? கறுப்பாக இருந்தால் கரி எல்லாவற்றையும் விழுங்கிவிடும், கவலையில்லை. வெள்ளை நிறமி புற ஊதாவை விழுங்கினாலும் அதை ஒட்டிய ஊதா வெளிச்சத்தில் கொஞ்சத்தைக் கீழே விட்டுவிடும். வெளிர்நீலமும் அப்படித்தான். வருஷக்கணக்கில் அந்த வெளிச்சம் ஊறி, ஈ.டி. கோட்டுக்கும் மேல்பூச்சுக்கும் நடுவில் பிடிமானம் விட்டுப்போகும். பிறகு ஒரு நாள் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும்போது பெயிண்ட் தாள் தாளாகப் பறக்கும். 1980களின் கடைசியில் அமெரிக்காவில் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் பலவற்றில் பெயிண்ட் இப்படி உரிந்து பெரிய புகாரானது. அதே அமெரிக்காவில் டொயோட்டா, சூப்பர் ஒயிட், ப்ளிசர்ட் பேர்ல் என்ற தன் இரண்டு வெள்ளை நிறங்களில், வெயில் பட்டுப்பட்டு ஈ.டி. கோட்டின் பிடிமானம் குறையலாம் என்று ஒப்புக்கொண்டு, குறிப்பிட்ட மாடல்களுக்குத் தன் செலவில் பெயிண்ட் அடித்துக்கொடுத்தது. உரிந்த இடத்தில் அன்றைக்கே துரு வராது. சாம்பல் நிற ஈ.டி. கோட் தெரியும். அப்படியே வெயிலிலும் உப்புக்காற்றிலும் விட்டால் அதுவும் பொடிந்து, பிறகுதான் துரு. ஆக, இங்கேயும் குற்றவாளி வெள்ளை நிறம் இல்லை. வெள்ளைக்குப் போதுமான அடிப்பூச்சைக் கொடுக்காமல் விட்டவர்கள்தான்.

என்னைக் கேட்டால் நிறத்தைவிடப் பெரிய ஆபத்து மறுபடி பெயிண்ட் அடிப்பதில் இருக்கிறது. பட்டறையில் மின்சாரத் தொட்டி கிடையாது. தகட்டின் நசுங்கலை எடுக்க கிரைண்டர் போட்டால் துத்தநாகமும் போய்விடும், ஈ.டி. கோட்டும் போய்விடும். தொழிற்சாலையில் மேல்பூச்சை 140 டிகிரியில் சுடுகிறார்கள். பட்டறையின் பெயிண்ட் அறையில் 60 டிகிரி வைத்தாலே பெரிய விஷயம். அதைவிட மோசம், பள்ளத்தை நிரப்பத் தடவுகிற பட்டி. பட்டி ஈரத்தைக் குடிக்கும். தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சரியாகக் காயாமல் மேலே பெயிண்ட் அடித்தால் அந்த ஈரம் வெறும் தகட்டோடு உள்ளேயே சிறைப்படும். ஆறேழு மாதத்தில் கொப்புளம். "வெள்ளை பெயிண்ட், அதான் துருப்பிடிச்சிருச்சு" என்று பிறகு ஆளுக்கு ஆள் சொல்வார்கள். எங்கள் அண்ணாச்சி தகட்டைத் திறந்தால் அன்று மாலைக்குள் எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுவார். பட்டியைக் காய்ந்த தாளால் மட்டும்தான் தேய்ப்பார். இந்த ஊர்க் காற்றில் வெறும் தகட்டை ராத்திரி முழுக்க விட்டால் காலையில் மஞ்சளாகத் துரு படிந்திருக்கும். அவரிடம் இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும்: ஸ்ப்ரே அடிக்கிற பையன் மாஸ்க் போடாமல் ஸ்ப்ரே கன்னைத் தொடக் கூடாது. இன்றைய பெயிண்டை இறுக்கக் கலக்கிற ஹார்ட்னரில் இருக்கிற ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமாவில் கொண்டுவிடும். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற பையன்களைப் பல பட்டறைகளில் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. உங்கள் வண்டியை விடுகிற இடத்தில் மாஸ்க் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள் பெயிண்ட் கனம் அளக்கிற சின்னக் கருவியோடு ஒருவரைக் கூட்டிப் போகலாம். 100 முதல் 130 மைக்ரான் என்றால் தொழிற்சாலைப் பெயிண்ட். 250ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது. 500க்கு மேல் போனால் உள்ளே பட்டி. கருவி இல்லையென்றால் கதவின் கீழ் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். அடர்நிறக் கார் என்றால் இரண்டு தடவை தடவுங்கள்.

நிறம்? கடலோரத்தில் இருப்பவருக்கு நான் வெள்ளையோ வெள்ளி நிறமோதான் சொல்வேன். உள்ளே சூடு குறைவு, கிளியர் கோட்டுக்கும் நல்லது, துரு வந்தால் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். மூன்று பூச்சு வைத்த முத்து வெள்ளையைப் பிடிக்கும் என்றால் வாங்கலாம். ஆனால் ஒரு கதவுக்கு டச்சப் என்றாலும் நிறம் சேர்ப்பது கஷ்டம், செலவும் கூட. மனசு அடர்நீலத்தில் போய் நின்றுவிட்டதா, தயங்காமல் எடுங்கள், நிழலில் நிறுத்துங்கள். ஈரமான வண்டிக்கு மட்டும் கவர் போடாதீர்கள்.

எந்த நிறம் எடுத்தாலும் ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் நான்கு கதவையும் டிக்கியையும் திறந்து, அடியில் இருக்கிற ஓட்டைகளைக் குத்திவிடுங்கள். கம்பி வேண்டாம், பெயிண்டைக் கீறிவிடும். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிற நைலான் கேபிள் டை ஒன்று போதும். குத்தி முடித்ததும் கண்ணாடி ரப்பர் ஓரமாக ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே எல்லா ஓட்டையிலும் வழிந்தால் சரி.